ஆர் சொன்னது?

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாவது இதை வாசித்துவிட்டு, "என்ரை பேர் உதுதானெண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்கக்கூடிய மனுசி. ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்திருக்கிறோம். முகத்துக்கு முன்னால் அக்கா என்பேன். அவர் இல்லாத நேரத்தில் 'ஆர் சொன்னது அக்கா'. அது அவருக்கும் தெரியும். இப்போது எட்மன்ரனில் இருக்கிறார் என்று கேள்வி. அதை ஆர் சொன்னது என்று கேட்டால் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது தற்செயல். என் மகள் ஹைஸ்கூல் முடிப்பதற்கு நாற்பது மணித்தியாலம் தொண்டு வேலை செய்து காட்ட வேண்டியிருந்தது. பழைய சென்சஸ் தாள்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை ஒன்று நூலகத்தில் இருக்கிறது, குளிருக்குள் வெளியே நிற்கத் தேவையில்லை என்று அதைப் பிடித்தாள். நான் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்த் திரும்பி வருகிற நேரத்துக்கு அங்கேயே குந்தியிருக்கலாம் என்று குந்தினேன். சும்மா இருக்கிறவனைக் கண்டால் யார் விடுவார்கள்? எனக்கும் ஒரு கணினியைக் காட்டினார்கள். மகள் நாற்பதாவது மணித்தியாலத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டாள். நான் அகப்பட்டுக்கொண்டேன்.

வேலை பெரிய கெட்டித்தனமான வேலை இல்லை. நூறு வருடத்துக்கு முந்திய கனடாவில் சென்சஸ்காரர் வண்டியிலும் குதிரையிலும் வீடு வீடாகப் போய் எழுதிய பெரிய தாள்களைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு தாளில் ஐம்பது வரி, ஒரு வரிக்கு ஒரு ஆள். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அதை நாங்கள் வாசித்து அடித்துவிட்டால், தன் பூட்டனையோ பூட்டியையோ தேடுகிறவர்கள் வீட்டில் இருந்துகொண்டே பெயரைப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். பிழை வராமல் இருக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒருவர் அடிப்பதை மற்றவர் பார்க்கக் கூடாது. முடிந்த பிறகு, இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை ஒன்றாக இருந்து பார்த்துத் தீர்க்க வேண்டும். எனக்குச் சோடியாக விழுந்தவர்தான் அக்கா.

நான் ஒரு தாளை அரை மணித்தியாலத்தில் முடிப்பேன். அக்காவுக்கு இரண்டு மணித்தியாலம் வேண்டும். காலையில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகளின் தட்டுகளை அடுக்கிவிட்டு, டோர்செட் பார்க்கில் இருந்த தன் அப்பார்ட்மென்ட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு, மத்தியானம் வருவார். கீழ்த்தளம் குளிர் என்று கோட்டைக் கழற்றமாட்டார். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி, கையில் டொலர் கடையில் வாங்கிய பூதக்கண்ணாடி. திரையில் விரலை வைத்து வரிவரியாக இழுத்துக்கொண்டு போவார். அவர் எழும்பிய பிறகு அந்தத் திரையைத் துடைக்காமல் ஒன்றும் தெரியாது.

எங்களை அடிக்கச் சொன்னது நாலு கட்டம்தான்: பெயர், வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு, வயது, பிறந்த இடம். அந்தத் தாள்களில் இன்னும் இருபது கட்டத்துக்கு மேல் இருக்கும். வாசிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, எந்த வருடம் கப்பலேறி வந்தவர், பிள்ளை எத்தனை மாதம் பள்ளிக்கூடம் போனது என்று ஒரு நீளக் கேள்வி. அக்கா அவ்வளவையும் வாசிப்பார். யார் கேட்டது, எதற்கு மினக்கெடுகிறீர்கள் என்றேன். அவர் திரையில் ஒரு வீட்டைத் தொட்டுக் காட்டினார்.

"புருசனுக்கு ஐம்பது. மனுசிக்கு நாப்பது. மூத்தவனுக்கு இருபது. எல்லாம் முழுசு முழுசாய்க் கிடக்கு. உது வீட்டுக்காரர் சொன்னதில்லைத் தம்பி. ஆக்கள் இல்லையெண்டு பக்கத்து வீட்டிலை கேட்டு எழுதியிருக்கிறான்."

அதற்குப் பிறகு எனக்கும் அந்தத் தாள்கள் வேறு மாதிரித் தெரியத் தொடங்கிவிட்டன. அவற்றில் எல்லாம் எழுதியிருக்கும். பதில் சொன்ன வாய் யாருடையது என்பது மட்டும் எங்கேயும் இருக்காது. இல்லாத அந்த ஒன்றைத்தான் அக்காவுக்குத் தெரிய வேண்டும்.

சென்சஸ் தாளோடு நிற்கிற ஆள் என்றால் பரவாயில்லை. உயிரோடு இருக்கிறவர்களையும் அவர் விடுவதில்லை. ஒரு முறை எங்களுக்குத் தெரிந்த பொடியன் ஒருவனுக்குப் பெண் பேசினார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. அக்காவும் போயிருந்தார். நாலு மணி பதினேழு நிமிடத்துக்குப் பெண் பிறந்தாள் என்று தாய்க்காரி சொல்ல, மணிக்கூடு பார்த்தது ஆர் என்று அக்கா கேட்டார். தாய் நோவில் கிடந்திருக்கிறா. தகப்பன் கொழும்பில் நின்றிருக்கிறார். மருத்துவிச்சியிடம் மணிக்கூடே இருந்ததில்லை என்று கடைசியில் தெரியவந்தது. அந்தக் கலியாணம் ஒப்பேற நாலு மாதம் பிடித்தது. அக்காவை அதற்கு அழைக்கவில்லை.

என் வயிற்றிலும் அடித்திருக்கிறார். நான் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறேன். கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் எங்களிடம்தான். இறந்தவரின் வம்சாவழி முழுக்க அந்தக் கல்வெட்டில் வரும். ஒருநாள் அப்படி ஒன்றின் முதல் பிரதியைப் பிழை பார்க்க நூலகத்துக்குக் கொண்டுபோனேன். அக்கா எட்டிப் பார்த்தார். மூன்று பிள்ளைகளுக்குத் துணைவர் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர், அவர்கள் படிக்கிற பல்கலைக்கழகம் வரை இருந்தது. கடைசி மகளுக்குப் பெயர் மட்டும் தனியாக நின்றது.

"உதை ஆர் சொன்னது?"

மூத்த மகன் ஈமெயிலில் அனுப்பினவர் என்றேன்.

"அப்ப உது மூத்த மகன்ரை குடும்பம். செத்த மனுசன்ரை குடும்பம் எதெண்டு அந்தப் பிள்ளையிட்டைக் கேளும்."

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். அந்தப் பிள்ளை தன் விருப்பத்துக்குக் கலியாணம் முடித்திருந்தாள். இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். தகப்பனின் கட்டிலடியில் கடைசி மூன்று மாதமும் இருந்தவளும் அவள்தான். பெயர்களை எல்லாம் சேர்த்து அச்சடித்தோம். மூத்த மகன் கடைக்கு வந்து சத்தம் போட்ட சத்தத்தில், இனி அவர்கள் வீட்டில் எவர் செத்தாலும் எங்களிடம் வரமாட்டார்கள் என்று முதலாளி என்னைப் பார்த்தார்.

எனக்கு அக்காவிடம் மரியாதை இருந்தது. பல நாள் எரிச்சலும் இருந்தது. மனிதர் எல்லோரும் எதையாவது நம்பிக்கொண்டு போகிற உலகத்தில், ஒருத்தி மட்டும் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு திரிந்தால் எப்படி? அதோடு, எல்லோரையும் கேட்கிறவர் தன்னைப் பற்றி ஒரு சொல் விடமாட்டார். ஒரு மாமி அவரோடு இருக்கிறா, சனிக்கிழமைகளில் அவவை இரண்டு பஸ் மாறி றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இனி டொரத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் வயது கூடியவர். எண்பத்தெட்டு. சில்லு வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, எங்களுக்குப் பின்வரிசையில் இருந்து அடிப்பார். அவர் வந்தது ஊருக்குச் சேவை செய்ய இல்லை. தன் தகப்பனைத் தேடி வந்தவர்.

தகப்பன் அல்பிரட் இங்கிலாந்தில் பிறந்தவர். ஒரு காலத்தில் அங்கே தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளையும், வைத்துப் பார்க்க வழியில்லாத பிள்ளைகளையும் கப்பலில் ஏற்றி இங்கே பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். பண்ணைக்காரர் சாப்பாடு, படுக்கை, பள்ளிக்கூடம் கொடுக்க வேண்டும், பிள்ளை பதிலுக்கு வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அல்பிரட் ஒன்பது வயதில் தனியாக வந்து இறங்கியிருக்கிறார். பீற்றர்பரோவுக்கு அங்காலே ஒரு பண்ணை. அந்த வீட்டைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லையாம். ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும் குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போவார். படலைக்கு முன்னால் காரை நிறுத்துவார். இறங்கமாட்டார். கொஞ்ச நேரத்தில் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். பின் சீற்றில் இருந்த சிறுமி டொரத்தி, தபால் பெட்டியில் இருந்த பண்ணைக்காரரின் குடும்பப் பெயரைப் பாடமாக்கி வைத்திருந்தாள்.

டொரத்திக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வீட்டார் தன் தகப்பனைப் பிள்ளையாக வைத்திருந்தார்களா, வேலைக்காரனாக வைத்திருந்தார்களா? சென்சஸ் தாளில் 'உறவு' என்ற கட்டத்தில் அதற்குப் பதில் இருக்கும் என்று நம்பினார். தகப்பனின் சொந்தக் குடும்பப் பெயரைப் போட்டு வருடக்கணக்காகத் தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் பகுதித் தாள்கள் இன்னும் அடிக்கப்படாமல் இருந்தன. அவை எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்த வசந்தத்தில், டொரத்தியின் மகள் அவரை வன்கூவருக்குத் தன்னோடு கூட்டிப்போவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். ஜூனில் பயணம். நாங்கள் எல்லோரும் கொஞ்சம் அவசரமாகவே அடித்தோம்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, அந்தத் தாள் என் திரையில் வந்தது. டொரத்தி சொன்ன பண்ணைக்காரரின் பெயர். கீழே மனைவி. அதற்குக் கீழே நாலு பிள்ளைகள். ஐந்தாவதாக அல்பிரட், வயது பதினொன்று. குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், மேலே உள்ளதுதான் என்ற அடையாளமாக இரண்டு சிறு கோடுகள். உறவு என்ற கட்டத்தில், மகன். பிறந்த இடம் இங்கிலாந்து.

எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. அன்று டொரத்தி வரவில்லை. தொலைபேசியை எடுத்துவிட்டேன். அக்கா தன் திரையில் அதே தாளைத் திறந்து, கோட்டுக் கையை மடித்துவிட்டு, விரலை இழுக்கத் தொடங்கினார். கொஞ்சம் பொறும் என்றார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, இந்த மனுசி இதையும் கெடுக்கப்போகிறது.

அல்பிரட்டின் வரியில், கப்பலேறி வந்த வருடம் எழுதியிருந்தது. மற்றவர் ஒருவருக்கும் அது இல்லை. அதாவது பெற்ற பிள்ளை இல்லை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை, எடுத்து வளர்க்கிற பிள்ளையையும் மகன் என்று எழுதலாம். அக்காவின் விரல் கடைசிக் கட்டங்களுக்குப் போனது. பண்ணைக்காரரின் பிள்ளைகள் நாலு பேரும் அந்த வருடம் எட்டு மாதம், எட்டு மாதம், ஒன்பது மாதம், ஒன்பது மாதம் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அல்பிரட்டின் கட்டத்தில் பூச்சியம்.

"மகனெண்டு பண்ணைக்காரன் சொல்லியிருக்கிறான்," என்றார் அக்கா. "வேலைக்கு எடுத்த பொடியனெண்டால் பள்ளிக்கூடம் அனுப்பினியோ எண்டு கேக்க ஆக்கள் வருவினம். மகனெண்டால் ஒருத்தரும் கேக்காயினம்."

இதை டொரத்தியிடம் சொல்லப்போகிறீர்களா என்றேன். ஓம் என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எண்பத்தெட்டு வயது மனுசி, இன்னும் மூன்று கிழமையில் போகப்போகிறா, மகன் என்று எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் குறைந்தா போய்விடுவோம், எங்களை அடிக்கச் சொன்னது நாலு கட்டம்தானே, அந்த நாலிலும் பொய் இல்லையே என்று அடுக்கினேன். நூலகம் என்பதையும் மறந்து சத்தம் கூடிவிட்டது. அக்கா பூதக்கண்ணாடியை அதன் உறைக்குள் வைத்தார். தலையில் இருந்த கண்ணாடியையும் எடுத்து வைத்தார். பிறகு, எனக்குத் தெரிந்த அந்த ஆறு வருடத்தில் முதல் முறையாகத் தன் கதையைச் சொன்னார்.

"என்னையும் மகளெண்டுதான் எழுதினவை."

அவருடைய தாயின் தம்பி, மாமா, குடும்பமாக இங்கே வருகிறபோது இவரையும் மகள் என்று பத்திரத்தில் போட்டுக் கூட்டிவந்திருக்கிறார். ஊரில் பிரச்சினை கடுமையாக இருந்த காலம். ஒரு பிள்ளையாவது தப்பட்டும் என்று தாய் கும்பிட்டுக் கேட்டு அனுப்பியது. எங்கள் ஆட்களில் அப்படி மகனாகவும் மகளாகவும் வந்தவர்கள் எத்தனையோ பேர். அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு இல்லை. இங்கே வந்து நாலு மாதம் பள்ளிக்கூடம் போனாராம். பிறகு மாமிக்கு ஒரு குழந்தை, அடுத்த வருடம் இன்னொன்று. மாமாவும் மாமியும் தொழிற்சாலைக்குப் போக, இவர் வீட்டில் நின்றார். பிள்ளைகள் வளர்ந்து பட்டம் வாங்கும் வரைக்கும் நின்றார்.

"மாமி கூடாதவ இல்லை," என்றார். "ஒருநாளும் அடிச்சதில்லை. பேப்பரிலை மகள், வீட்டிலை வேலைக்காரி, அவ்வளவுதான். பேப்பரைப் பாத்தவன் எல்லாம் நான் நல்லாய் இருக்கிறனெண்டு போயிட்டான். அதுதான் தம்பி, எனக்கு உந்தச் சொல்லைக் கண்டால் விட ஏலாது."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்த மாமியைத்தான் சனிக்கிழமைகளில் கோயிலுக்குக் கூட்டிப்போகிறீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வேறு மாமி இருக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை டொரத்தி வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். தாள் கிடைத்துவிட்டது என்று மட்டும் நான் பிறகு தொலைபேசியில் சொல்லியிருந்தேன், அதற்கே உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தார். அக்கா தன் கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். மகன் என்ற சொல்லை டொரத்தி தானே கண்டுபிடித்தார். கொஞ்ச நேரம் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அதற்குப் பிறகு அக்கா தன் சமையலறை ஆங்கிலத்தில், ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல், கப்பலேறிய வருடத்தையும் பூச்சியத்தையும் காட்டினார்.

டொரத்தி அழவில்லை. அப்பா கடைசி வரைக்கும் தன் பெயரை மட்டும்தான் எழுதுவார், கடிதம் எல்லாம் அம்மாதான் எழுதுவார், காரணம் இப்போதுதான் தெரிகிறது என்றார். எனக்கு அந்த இடத்தை விட்டு எழும்பிப் போக வேண்டும் போல இருந்தது. அக்காவின் மேல் கோபமாகவும் இருந்தது.

பிறகு டொரத்தி ஒரு கேள்வி கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அப்போ, இவர் மகன் என்று அந்த அதிகாரியிடம் சொன்னது யார்?"

பண்ணைக்காரர் என்று சொல்லத்தான் அக்கா வாயைத் திறந்தார். பாதியில் நின்றுவிட்டது. ஆறு வருடமாக எல்லோரிடமும் கேட்ட கேள்வியை, இந்த ஒரு வீட்டில் மட்டும் அவர் கேட்டிருக்கவில்லை. பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று இருந்துவிட்டார். அந்தப் பதில் தாளில் இருந்து வந்ததில்லை, மாமா வீட்டில் இருந்து வந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். மேலிருந்து விரலை இழுத்தார். வயதுக் கட்டத்துக்கு முன்னால் பிறந்த மாதம், பிறந்த நாள் என்று இரண்டு ஒடுக்கமான கட்டங்கள் இருந்தன. பண்ணைக்காரருக்கு அவை வெறுமை. மனைவிக்கு வெறுமை. நாலு பிள்ளைகளுக்கும் வெறுமை. வயதுகளும் குத்துமதிப்பு, ஐம்பது, நாற்பது. அல்பிரட்டின் வரியில் மட்டும் மாதமும் நாளும் துலக்கமாக எழுதியிருந்தது.

டொரத்தி அதை வாசித்தார். அப்பாவின் பிறந்தநாள்தான், சரியாக இருக்கிறது என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். தாளின் அடியில் சென்சஸ்காரர் திகதி போட்டிருந்தார், ஏப்ரல் மாதத்தில் ஒன்று. அது என்ன கிழமை என்று பார்க்கச் சொன்னார். கைபேசியில் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை. அக்கா பள்ளிக்கூடக் கட்டங்களில் விரலை வைத்தார். எட்டு, எட்டு, ஒன்பது, ஒன்பது. பூச்சியம். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. உழவு காலத்தில், ஒரு வேலை நாளில், பண்ணைக்காரர் வயலில் நின்றிருப்பார். பெற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். தாய் வீட்டில் இருந்திருந்தால் தன் பிள்ளைகள் நாலு பேரில் ஒருவரின் பிறந்தநாளாவது சொல்லியிருப்பா. அந்த வளவில் நின்ற ஒரே ஆள், பள்ளிக்கூடம் போகாதவன். மற்றவர்களின் பிறந்தநாள் ஒன்றும் அவனுக்குத் தெரியாது. தன்னுடையது தெரியும். குதிரையில் வந்த மனிதன் அடுத்த பண்ணைக்குப் போகிற அவசரத்தில், நீ யார் என்று அவனிடம் கேட்டிருக்கிறான்.

அக்கா அதை டொரத்திக்குச் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. இது நூற்றுக்கு நூறு என்று தான் சொல்லமாட்டேன் என்பதை இரண்டு தரம் சொன்னார். டொரத்தி திரையைத் தொட்டார். அக்காவின் விரல் அடையாளங்களுக்கு மேல் அவருடைய விரல். அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அம்மா எப்போதும் சொல்வாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு முடிய முதல் அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டார் அப்பாவிடம் அன்பாக இருந்தார்களா என்று அக்காவிடமே கேட்டார். தெரியாது, தாளில் அது இல்லை என்றார் அக்கா. ஆனால் தன்னை மகன் என்று சொல்ல அவர் ஆசைப்பட்டிருக்கிறார், அது தாளில் இருக்கிறது என்றார்.

டொரத்தி அந்தத் தாளைப் பெரிதாக அச்சடித்து வாங்கிக்கொண்டு போனார். வன்கூவருக்குப் போன பிறகு ஒரு அட்டை வந்தது. அக்காவின் பெயருக்குத்தான் வந்தது.

டொரத்திக்குத் தாளைக் காட்டிய அன்றைக்கு, வேலை முடிந்து அக்காவோடு கென்னடி றோட்டுக்கு நடந்தேன். காரில் ஏற்றிப்போகிறேன் என்றால் ஏறமாட்டார், பஸ் பாஸ் வீணாகிவிடுமாம். தரிப்பிடத்தில் நின்றோம். நான் சந்தோசத்தில் எதையோ அலம்பிக்கொண்டிருந்தேன், உங்களுக்கே கேள்வி கேட்க ஒரு ஆள் வந்துவிட்டது பார்த்தீர்களா என்று பகிடி விட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பஸ் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமிக்கு முதல் பிள்ளை பிறந்த புதுசு," என்றார். "குழந்தையைப் பாக்கவெண்டு ஒரு நேர்ஸ் மனுசி வீட்டை வந்தவ. மாமி கிளினிக்குக்குப் போயிட்டா. நான் குழந்தையோடை கதவைத் திறந்தன். நீ இஞ்சை வேலைக்கு நிக்கிறியோ எண்டு கேட்டா. இல்லை, நான் இந்த வீட்டு மகளெண்டு சொன்னன்."

பத்திரத்தில் அப்படித்தானே இருந்தது, மாற்றிச் சொன்னால் எல்லோருக்கும் பிரச்சினை வந்திருக்குமே, பயத்தில் சொல்லியிருப்பீர்கள் என்றேன்.

"அப்பிடித்தான் நானும் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன். அந்த மனுசி பேப்பர் ஒண்டும் கேக்கேல்லைத் தம்பி. எனக்குப் பயமும் இருக்கேல்லை. மாமி எப்ப வருவா எண்டு யன்னலடியிலையே நிண்டனான். வந்தோடனை ஓடிப்போய்ச் சொன்னன். மாமி, நான் உங்கடை மகளெண்டு சொன்னனான் எண்டு."

பஸ் வந்து நின்று கதவு திறந்தது. அவர் கோட்டைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினார். மாமி அதற்கு என்ன சொன்னவ என்று கீழே நின்றபடி கேட்டேன்.

"தேத்தண்ணி போடச் சொன்னவ."